போணிக்கு வந்த காயின்

"உக்காருங்க, எல்லாரும் உக்காருங்க. சதக்கு, வாய மூடு. மீராசா காக்கா, உங்களயும் சேத்துத்தான் சொல்றேன், பேச்சு போதும், உக்காருங்க"ன்னு சின்ன மொதலாளி ரிஃபாய் ரெண்டு கையையும் தூக்கி அமத்துனப்போ, அவரு அண்ணன் மொறையில காக்கான்னு கூப்புடுற மீராசா பேசவே இல்ல. அவன் வாயத் தொறந்தது கொட்டாவிக்கு. ஆனா இருவத்திரெண்டு வருஷமா அந்தக் கடையில சத்தம் எங்கேருந்து வந்தாலும் அது மீராசா வாயிலருந்துதான் வந்துச்சுன்னு தீர்ப்பு ஆயிப்போச்சு, அதுக்கு அப்பீலு கெடையாது. சரின்னு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காந்தான். சிங்கப்பூருல, தேக்கா பக்கத்துச் சந்துல, பூக்கடைக்கும் நகைக்கடைக்கும் நடுவுல, ரெண்டு ஆளு சேந்து நின்னா தோளு இடிக்கிற அகலத்துல, காசு மாத்துற கடை. காலைல ஒம்பது மணி. ஷட்டர இடுப்பு ஒசரத்துக்குத்தான் தூக்கி வச்சிருக்கு, அதுக்குக் கீழ ரோட்டுல போறவங்க காலு மட்டும் தெரியுது, செருப்பு, பூட்சு, கொலுசு, மறுபடி செருப்பு. எப்பவும் செவப்பு நம்பரா ரேட்டு ஓடுற போர்டு மேல சின்னவரு ஒரு வெள்ளத் துணியக் கட்டி அதுல லேப்டாப்புலேருந்து படம் காட்டப் போறாரு. அந்தத் துணி மீராசாவுக்கு வேற எதையோ ஞாபகப்படுத்துச்சு. மையத்துக்குப் போத்துற கபன் துணி. டாலரு, பவுனு, யென்னு, ரிங்கிட்டு, ரூபாயி எல்லாத்தையும் வரிசையாப் படுக்க வச்சு மேல போத்துன மாதிரி. சே, காலங்காத்தால என்ன நெனப்பு இது, அஸ்தஃபிருல்லா. கூட்டம் எதுக்குன்னு நேத்தே சின்னவரு கோடி காட்டிட்டாரு, மூணு கவுண்டருல ஒண்ண மூடணும்னு. எதன்னு சொல்லல. சொல்லாமயே மூணு பேருக்கும் தெரியும். சதக்கு முப்பது வயசுப் பய, போனுக்குள்ளயே பொறந்து போனுக்குள்ளயே வளந்தவன், அவன மூட மாட்டாங்க. எல்லாருக்கும் அக்காவான மைமூன் லாத்தா இந்த ஊருலயே பொறந்தவங்க, வேல பாஸு கீஸுன்னு ஒண்ணும் வேணாம், அவங்களையும் மூட மாட்டாங்க. மிச்சம் கீழக்கரை மீராசா. பாஸ கேன்சல் பண்ணிட்டா ஒரு மாசத்துல பொட்டியக் கட்டி பிளேன் ஏத்திருவாங்க. ஏத்தட்டும். யாரு வேணாங்குறா. ஆனா அது ஒண்ணு மட்டும் இருந்தாத்தான் பரவால்லயே, அதுக்குள்ள இன்னொண்ணு இருக்கே, கடலைக்குள்ள சொத்தக் கடலை மாதிரி, அவன் உக்காருற மூணாம் கவுண்டருக்கு மேல இருக்குற கேமராவ இவரு பாத்தாரா பாக்கலியா.

படம் ஆரம்பிச்சிருச்சு. மொதப் படத்துல உலக உருண்ட, அதச் சுத்தி பட்டாம்பூச்சி மாதிரி சின்னச் சின்ன வட்டக் காசு. "பாத்தீங்களா, இது எல்லாம் டிஜிட்டல் காயின். இதுக்கு பேப்பர் கெடையாது, அச்சு கெடையாது, டிராயர் கெடையாது"ன்னு சின்னவரு சொல்ல, மைமூன் லாத்தா ஒரு "ம்" போட்டாங்க. லாத்தா ஒரு நாளைக்குப் பேசுறதே ஆறு வார்த்த, அதுல நாலு "ம்". அவங்க கவுண்டருல இருக்குற நோட்டு எண்ணுற மிஷினு அவங்கள விட வாயாடி. மீராசா சில நாளு அந்த மிஷினு மாதிரியும் லாத்தா மாதிரியும் மாத்தி மாத்திப் பேசிக் காட்டுவான், டர்ர்ர்ர்ர், ம், டர்ர்ர்ர்ர், ம், சதக்கு விழுந்து விழுந்து சிரிப்பான், லாத்தா மட்டும் சிரிக்க மாட்டாங்க, பாத்துட்டு நோட்டு கட்டுற ரப்பர் பேண்ட எடுத்து அவன் காத குறி பாத்து விடுவாங்க, ஒரு தடவ கூட தப்புனதில்ல. இன்னைக்கு மீராசாவுக்கு யாரு கொரலும் வரல. கேமரா, கேமரா. பத்து நாளைக்கு முன்னாடி இதே நேரம், ஷட்டரு முழுசாத் தூக்கி, சாம்பிராணி போட்டு, பிஸ்மி சொல்லி உக்காந்தாச்சு. மொத கிராக்கி ஒரு தூத்துக்குடிப் பையன், கப்பல்ல வேல. வந்து கண்ணாடியில மூக்க ஒட்டிக்கிட்டு, "அண்ணாச்சி, சம்பளத்த இதுல போட்டுட்டானுவ அண்ணாச்சி, கையில ஒத்த சிங்கப்பூரு வெள்ளி கெடையாது, சாயங்காலம் கப்பலு எடுக்கான், அம்மைக்கு மருந்து வாங்கணும், நூத்தம்பது காயின் இருக்கு, அமெரிக்க டாலரு காயினு, ஒண்ணுக்கு ஒண்ணு, நீங்க எடுத்துக்கிட்டு இருநூறு வெள்ளி தாங்க போதும்"னு போன நீட்டுறான். போனு. நோட்டு நீட்டுற எடத்துல போனு. கடை லைசென்சுல காயினு கெடையாது, அத வாங்குனா கடைக்கே சீலு வச்சிருவாங்க, அது மீராசாவுக்கு நல்லாத் தெரியும், கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிற லைசென்ஸ வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம தொடைக்கிறதே அவன்தான். திருப்பி அனுப்பியிருக்கணும். இல்லப்பா, கெடையாதுப்பா, போப்பான்னு மூணு பா போட்டிருந்தா முடிஞ்சது. ஆனா அவன் போணியாச்சே.

போணிய எப்படித் திருப்பி அனுப்புறது. பெரியவரு, ஹாஜியாரு, இந்தச் சின்னவரோட வாப்பா, இப்ப ஊருல மூட்டு வலின்னு தைலம் தேச்சுக்கிட்டு இருக்காரு, அவரு கடை நடத்துன காலத்துல ஒரே ஒரு சட்டம்தான். மொத கிராக்கி கிழிஞ்ச நோட்டு கொண்டாந்தாலும் சரி, ஒத்த வெள்ளி மாத்த வந்தாலும் சரி, வெறுங்கையா இந்த வாசல விட்டு எறங்கக் கூடாது. ஒரு தடவ ஒரு வெள்ளக்காரக் கெழவி போணிக்கு வந்து, அவ நாட்டுச் சில்லறக் காசு ஒரு பை நெறையக் கொட்டுனா, சில்லறைய எந்தக் கடையிலயும் வாங்க மாட்டாங்க, ஹாஜியாரு உக்காந்து ஒண்ணொண்ணா எண்ணி வாங்குனாரு, நஷ்டம்தான், சாயங்காலம் மீராசா கேட்டான், "என்னா மொதலாளி இது, பித்தளக் கடையா வைக்கப் போறீங்க?" அவரு தாடிய நீவிக்கிட்டு, "டேய், காலைல கதவத் தொறக்குறோம், உள்ள வர்றவன் நம்மள நம்பி வர்றான், மொத நம்பிக்கைய ஒடச்சா அன்னைக்கு பூரா ஒடஞ்ச கதவுதான்"னாரு. மீராசா அன்னைக்கு ராத்திரிச் சோத்துல அதையே ஹாஜியாரு கொரலுல சொல்லிக் காட்டி ரூம்ல இருந்த எட்டுப் பேரையும் சிரிக்க வச்சான். ஆனா ஒருத்தன் கொரல நூறு தடவ பேசுனா அந்தக் கொரலு உள்ள குடியேறிரும், வாடக குடுக்காது, காலி பண்ணவும் பண்ணாது. தூத்துக்குடிப் பையன் மூக்கக் கண்ணாடில வச்சப்போ அந்தக் கொரலுதான் மீராசாவுக்குள்ள கனைச்சுச்சு. கடைக் காசத் தொடல, அல்லா அறிய, சொந்தச் சட்டப் பையிலருந்து இருநூறு வெள்ளிய எடுத்துக் குடுத்தான். பையனே மீராசா போன வாங்கி, எதையோ எறக்கி, எதையோ அமுக்கி, "வந்துட்டு அண்ணாச்சி, பாருங்க"ன்னான். பாத்தா நூத்தம்பது. வெறும் நம்பரு. கமிஷன் எடுக்கக் கூட மறந்துட்டான் மடையன். அன்னையிலருந்து கக்கூஸுக்குப் போனா அந்த நம்பரத் தொறந்து பாக்குறான், இருக்கு, மூடுறான், மறுபடி பாக்குறான், இருக்கு. அத எப்படி மறுபடி நோட்டாக்குறதுன்னு தெரியாது. சதக்கிட்ட கேட்டா சொல்லிக் குடுப்பான், கூடவே தெரு முழுக்கவும் சொல்லிருவான்.

"டாலர நம்பித்தான் இன்னைக்கு உலகமே ஓடுது"ன்னு சின்னவரு அடுத்த படத்துக்குப் போயிட்டாரு. "ஒரு ஊருலேருந்து இன்னொரு ஊருக்குக் காசு போகணும்னா நடுவுல நாலு பேங்கு. ஆளுக்கு ஒரு கமிஷன் வெட்டு. மூணு நாளு. காயின்ல பத்து செகண்டு, நடுவுல ஆளே கெடையாது." நடுவுல ஆளே கெடையாதுன்றத அவரு பாயாசத்துல முந்திரிப்பருப்பு கெடச்ச மாதிரி ருசிச்சுச் சொல்றாரு. மீராசா நெனச்சான், அந்த நாலு பேங்குலயும் ஒவ்வொரு மீராசா உக்காந்திருப்பானே. வேற வேற ஊரு மீராசா, ஒருத்தன் டை கட்டியிருப்பான், ஒருத்தி தலையில பூ வச்சிருப்பா, ஒருத்தன் மதியத்துக்கு ரொட்டி கொண்டாந்திருப்பான், எல்லாருக்கும் முதுகு வலி இருக்கும். பத்து செகண்டுல அவங்களத் தாண்டிக் காசு போயிரும், விசுக்குனு, பஸ்ஸு நிக்காத ஸ்டாப்பு மாதிரி. ஸ்டாப்புல நிக்கிறவன் கைய நீட்டிக்கிட்டே நிப்பான். சரி, வெட்டு வெட்டுன்றாரே, அந்த வெட்டுலதான இவரு படிச்சாரு, ஆஸ்திரேலியாவுல, மூணு வருஷம். சொல்ல முடியுமா. சொல்ல முடியாது. "அப்ப டாலரு போயிருமா தம்பி?"ன்னு சதக்கு கேக்குறான், நல்ல பிள்ள மாதிரி முன்னாடி குனிஞ்சு உக்காந்துக்கிட்டு. "அதான் வேடிக்க, இந்தக் காயின் டாலரோட கட்டுனது, ஒரு காயின் ஒரு டாலர், எப்பவும்"ன்றாரு சின்னவரு. மீராசாவுக்கு சிரிப்பு வந்துச்சு, உதட்டக் கடிச்சுக்கிட்டான். மாமியாள வெரட்ட வந்த மருமக மாமியா சேலையையே கட்டிக்கிட்டு வாசல்ல நிக்கிறா. டாலர ஒழிக்கிறோம்னு படம் காட்டுறாங்க, படத்துக்கு அடியில டாலரே சேரு போட்டு உக்காந்திருக்கு.

டாலரு. அதப் பத்தி இவங்க யாருக்குத் தெரியும், அவன் வெரலுக்குத்தான் தெரியும். மீராசா எட்டாவது ஃபெயிலு, ஆனா வலது கை கட்ட வெரலு பெரிய படிப்பு படிச்ச வெரலு. கண்ண மூடிக்கிட்டு ஒரு நோட்டத் தடவுனா எந்த ஊரு, புதுசா பழசா, நெசமா பொய்யா, மழையில நனஞ்சு இஸ்திரி போட்டதா, எல்லாம் அந்த வெரலு சொல்லிரும். அமெரிக்கா நூறு டாலருல ரெண்டு சாதி. பெரிய தல போட்ட புது நோட்டு, சின்னத் தல போட்ட பழைய நோட்டு. ரெண்டும் அதே நாடு, அதே நூறு, அமெரிக்காவுல ரெண்டுக்கும் ஒரே மருவாத. இந்தத் தெருவுல சின்னத் தலைய நீட்டுனா ரேட்டக் கொறச்சுருவோம். ஏன்னு ஒரு வெள்ளக்காரன் கோவமாக் கேட்டான், வொய், வொய், இட் ஈஸ் மனி, இட் ஈஸ் மனின்னு, மீராசா அத ரொம்ப நாளு சொல்லிக் காட்டிக்கிட்டுத் திரிஞ்சான். ஆனா பதிலு? அடுத்த கடைக்காரன் கொறச்சு வாங்குறான், அதனால நாம கொறச்சு வாங்குறோம். நாம கொறச்சு வாங்குறோம்னு அவன் கொறச்சு வாங்குறான். அவ்வளவுதான், அதுக்கு மேல ஒரு காரணமும் இல்ல. அப்பத்தான் அவனுக்கு ஒரு மாதிரி வேர்த்துச்சு, அட, அப்ப காசுன்னா தாளும் இல்ல, தலையும் இல்ல, அடுத்த ஆளு இத வாங்கிக்குவான்ற நெனப்புத்தான் காசு. அந்த நெனப்பு இருக்குற வரைக்கும் எலதழையக் குடுத்தாலும் பிரியாணி வரும். நெனப்பு போச்சுன்னா ராஜா தல போட்டாலும் பொட்டலம் கட்டத்தான் ஆகும். அந்த நூத்தம்பது காயினுக்கு அடுத்த ஆளு யாரு? பையன் மீராசாவத் தேடிப் புடிச்சான். இப்ப அவன் யாரப் புடிக்கிறது? போனு கண்ணாடியில கட்ட வெரல வச்சுத் தேச்சுத் தேச்சுப் பாத்தான், வழுக்குது, நல்ல காசும் அதே வழவழ, கள்ளக் காசும் அதே வழவழ. வெரலு முட்டாளாகி நின்னுச்சு, பரீட்ச ஹாலுல வேற வகுப்புக் கேள்வித்தாளு வந்த மாதிரி.

காசு செத்துப் போறத அவன் பாக்காதவனா. ரெண்டாயிரத்தி ரெண்டுல இங்க வந்து எறங்குன மொத வாரமே ஹாஜியாரு குடுத்த மொத வேல டிராயரு காலி பண்ற வேல. பன்னெண்டு நாட்டுக்காரங்க ஒண்ணாச் சேந்து ஒரே காசுன்னுட்டாங்க, யூரோ. ஜெர்மனி டிராயரு, பிரான்சு டிராயரு, இத்தாலி டிராயரு, ஒவ்வொரு டிராயருலயும் பேரு எழுதி ஒட்டியிருந்த காகிதத்த நகத்தால சொரண்டிச் சொரண்டி எடுத்தான். இத்தாலி நோட்டு பாக்க எவ்வளவு அழகு, எத்தன சைபரு, ஒரு டீ குடிக்கவே ஆயிரக்கணக்குல ஆகுமாம். அத மாத்துறதுக்குன்னே பொழச்சவங்க எல்லையோரத்துல எத்தன கடை வச்சிருந்திருப்பாங்க, அவங்க பொழப்பு அன்னையோட என்னாச்சுன்னு யாராவது கேட்டாங்களா, மீராசாவும் கேக்கல, சொரண்டுறதுல நகம் வலிச்சது, அத ஊதிக்கிட்டு இருந்தான். அப்புறம் அந்த நவம்பரு மாசம், நம்ம ஊரு ஐநூறும் ஆயிரமும் செல்லாதுன்னு ஒரே ராத்திரியில சொன்னது. மறுநாளு காலைல ஷட்டரத் தூக்குனா புதுக்கோட்டப் பக்கத்துப் பிள்ளைக நாப்பது பேரு, ஊருக்குப் போகன்னு மாத்தி வச்சிருந்த கட்டோட நிக்கிறாங்க. "அண்ணே, நேத்து உங்ககிட்டதானண்ணே வாங்குனேன்." அவங்க கத்தியிருந்தா பரவால்ல. கத்தல. நோட்டத் திருப்பித் திருப்பிப் பாத்தானுங்க, எழுத்து எதும் மாறியிருக்கான்னு. அன்னைக்கு மீராசா ஒருத்தன் கொரலையும் எடுத்துப் பேசிக் காட்டல. இன்னொரு படம் போட்டுட்டாரு சின்னவரு, என்னென்னமோ நாட்டுக் கொடி. இனிமே ஒவ்வொரு அரசாங்கமும் அவங்கவங்க காச போனுக்குள்ளயே விடப் போறாங்களாம், நாடும் நாடும் நேரா மாத்திக்குமாம், நடுவுல டாலரு கூட வேணாமாம். அப்ப மேல்தட்டு டிராயருல இருக்குற டாலர கீழ்த்தட்டுக்கு எறக்கணும். பாவம், அந்தப் பெரிய தலைக்கு முட்டி வலிக்கும். சரி, இல்லாதப்பட்ட நாட்டுல என்ன ஆகும்? அந்த ஊரு சனமெல்லாம் நம்ம நோட்டு மதிப்பு தேயுதுன்னு போனுக்குள்ள டாலரு காயின வச்சுக்கிட்டா, அந்த அரசாங்கம் அடிக்கிற நோட்ட யாரு வாங்குவா? பள்ளிக்கொடத்து வாத்தியாருக்கு சம்பளம்னு குடுப்பாங்க, அவரு கறிக்கடைக்குக் கொண்டு போவாரு, கறிக்கடைக்காரன் கத்தியத் தீட்டிக்கிட்டே கேப்பான், "சாருகிட்ட காயின் இல்லீங்களா?" வாத்தியாரு கத்திரிக்கா வாங்கிட்டு வீட்டுக்குப் போவாரு.

யாரோ ஷட்டரத் தட்டுறாங்க. டங் டங். கீழ பாத்தா ரெண்டு பூட்சு, சிமெண்டு காஞ்சு வெள்ளையாப் போனது, கட்டட வேலப் பூட்சு. "அண்ணே, தொறந்துட்டீங்களாண்ணே? வீட்டுக்கு அனுப்பணும்ணே." மீராசா தன்னால எந்திரிச்சுட்டான், முட்டி தானா நிமிந்துருச்சு, போணி. "காக்கா, உக்காருங்க"ன்னாரு சின்னவரு. அப்புறம் ஷட்டரப் பாத்துக் குனிஞ்சு, "பத்து மணிக்கு மேல வாங்க தம்பி. இல்லன்னா போன் ஆப்புல அனுப்புங்க"ன்னாரு. பூட்சு கொஞ்ச நேரம் நின்னுச்சு. எடது காலு வலது காலத் தேச்சுக்கிச்சு. அப்புறம் திரும்பி எதுத்த கடைப் பக்கம் போச்சு. மீராசா பாதி எந்திரிச்ச வாக்குல அப்படியே நிக்கிறான், உக்காரவும் இல்ல, நிக்கவும் இல்ல, தொழுகையில ருக்கூவுக்குக் குனிஞ்சு அப்படியே மறந்து நின்னவன் மாதிரி. "போணி தம்பி"ன்னான். "என்ன காக்கா?" "மொத கிராக்கி. திருப்பி அனுப்பக் கூடாதுன்னு வாப்பா..." சின்னவரு சிரிச்சாரு, கெட்ட சிரிப்பு இல்ல, நல்ல பையன்தான், பெருநாளைக்கு எல்லாருக்கும் சட்டத் துணி எடுத்துக் குடுப்பாரு. "காக்கா, நம்ம கடை ஆப்பு வந்துட்டா கடைக்கு மூடுறதும் கெடையாது, தொறக்குறதும் கெடையாது. ராத்திரி மூணு மணிக்கும் ஓடும். அப்ப எது காக்கா மொத கிராக்கி?" சதக்கு கைதட்டுனான். மீராசா உக்காந்தான். எது மொத கிராக்கி. நல்ல கேள்விதான். விடியாத கடை. சாம்பிராணி எப்ப போடுறது, பிஸ்மி எப்ப சொல்றது. மொதன்னு ஒண்ணு இல்லன்னா கடைசின்னும் ஒண்ணு இல்லல்ல, அப்ப எப்பத்தான் அப்பாடான்னு காலு நீட்டுறது. அந்த ஆப்பு காலு நீட்டாது, அதுக்குக் காலே கெடையாது. கல்யாண வீட்டுல மொய் எழுதுற கவருல ஒரு ரூபா காசு ஒட்டியிருக்குமே, அது என்னாகும், போனுல நூத்தி ஒண்ணுன்னு அனுப்புனா அந்த ஒண்ணு ஒட்டுமா. நாகூரு உண்டியலு. சந்து முக்குல பர்சு விக்கிற மலாய்க் கெழவரு, காலு மணி நேரம் பேரம் பேசுவாரே. நோட்டுக் கட்டு ஏத்திக்கிட்டு வர்ற வண்டி, அதுல துப்பாக்கியோட தூங்குற காவக்காரரு. ஒரு நோட்டச் சுத்தி எத்தன பேரு அடுப்பு எரியுது. சரி, மாட்டு வண்டி போச்சு, லாடம் அடிக்கிறவன் போனான், அதுக்காக மாட்டு வண்டியிலயா சிங்கப்பூருக்கு வந்தான் மீராசா? நாயம்தான். நாயம் எல்லாம் நாயம்தான். ஆனா தன் வேல நோட்டு எண்ணுறதுன்னுதான இத்தன நாளா அவன் நெனச்சிருந்தான். எண்ணுறதுக்கு லாத்தா மிஷினு இருக்கே, எப்பவோ இருக்கே. அந்தப் பக்கம் ஒருத்தன் இது நெசமான்னு சந்தேகத்தோட நிக்கிறான், இந்தப் பக்கம் இன்னொரு சந்தேகம், நடுவுல ஒரு ஆளு உக்காந்து, நெசம்தான், நான் தரேன், போன்றான். அதுக்குத்தான் சம்பளம். சந்தேகம் தீந்து போச்சுன்னா வேல தாராளமாப் போகட்டும். தீரலன்னா? ஆளு எந்திரிச்சுப் போயிட்டா அந்தச் சந்தேகம் எங்க போயி உக்காரும்?

"சரி, விஷயத்துக்கு வர்றேன்"னு சின்னவரு லேப்டாப்ப மூடுனாரு. துணி வெறும் வெள்ளையா நின்னுச்சு. "மூணாம் கவுண்டர மூடுறோம்." ஆச்சு. விழுந்துருச்சு. மீராசாவுக்கு ஆச்சரியமா இருந்தது, வலிக்கவே இல்ல, ஊசி போடுறதுக்கு முன்னாடி பஞ்சு தேக்கிறப்போ வர்ற கூச்சம்தான் இத்தன நாளும் இருந்திருக்கு. "மீராசா காக்கா, உங்க மேல எந்தக் கொறையும் கெடையாது. பத்து நாளைக்கு முன்னாடி ஒரு கப்பல்காரப் பையன்கிட்ட நீங்க போன வச்சு ஏதோ பண்ணுனத கேமராவுல பாத்தேன்." இப்ப வலிச்சுச்சு. காதுக்குப் பின்னால வேர்வ கோடு போட்டு எறங்குது. கடைக்குச் சீலு, ஹாஜியாருக்கு முகத்த எப்படிக் காட்டுறது, ஊருல என்ன சொல்லுவாங்க, மீராசா அங்க திருட்டுக் காசு மாத்துனானாம். "போணி தம்பி, சொந்தக் காசு தம்பி, கடைக் காசத் தொடல"ன்னு சொல்ல வாயத் தொறந்தான். "அட, நான் தப்பாவே எடுத்துக்கல காக்கா, சந்தோசப்பட்டேன். நம்ம கடையிலயே மொதல்ல காயின் வாங்குன ஆளு நீங்க. உங்க போனுல ஏற்கெனவே அக்கவுண்டு இருக்கு. அதனால ஒரு நல்ல ஏற்பாடு. வருஷத்துக்கு ஒரு மாசம்னு வாப்பா சொன்ன கணக்கு, இருவத்திரெண்டு மாசச் சம்பளம், அதுல ஒரு வெள்ளி கொறக்கல. அத அப்படியே டாலரு காயினா உங்க போனுக்கு இப்பவே போட்டு விட்டுர்றேன். பேங்கு இல்ல, வெட்டு இல்ல, நீங்க ஊருக்குப் போறப்ப பொட்டியில தூக்கிட்டுப் போகவும் வேணாம்."

மீராசாவுக்கு கீழக்கரை மீன் மார்க்கெட்டு வாசலு தெரிஞ்சது. அவன் பொண்டாட்டி ரஹ்மத்து காலைல இடியாப்பம் அவிச்சு வித்துக்கிட்டு இருக்கா, வீட்டு வாசல்ல வச்சு. மார்க்கெட்டு முக்குல ஒரு சின்னக் கடை காலியா இருக்குன்னு போன வாரம் சொன்னா, "நீங்க வந்தா ரெண்டு பேருமா நடத்திருவோம், கல்லாவுல நீங்க உக்காருங்க, வர்றவங்க எல்லாரையும் சிரிக்க வையிங்க, இடியாப்பம் தன்னால விக்கும்." அந்தக் கடைக்குச் சொந்தக்காரரு எண்பது வயசு செய்யது மாமா, கையில தாள எண்ணி வாங்குனாத்தான் சாவிய எடுப்பாரு, செக்கக் காட்டுனாலே மூஞ்சத் திருப்புவாரு. அவருகிட்ட போயி போன நீட்டுறது. மாமா, இங்க பாருங்க, நம்பரு. அவரு கண்ணாடியத் தொடச்சுக்கிட்டு, எங்கப்பா இருக்குன்னு கேப்பாரு. எங்க இருக்கு? எங்கதான் இருக்கு? இருவத்திரெண்டு வருஷம், பெருநாளு எத்தன, தன் வாப்பா மவுத்தானதுக்குப் போக முடியாம இந்த ஸ்டூலு மேலயே உக்காந்து அழுதது, எல்லாத்தையும் சேத்து ஒரு நம்பரா கண்ணாடிக்கு அடியில. சொல்லிறணும், தம்பி வேணாம் தம்பி, நோட்டாக் குடுங்கன்னு. ஏழு வார்த்த கூட இல்ல. வெள்ளக்காரன் கொரலு வருது, இட் ஈஸ் மனி. புதுக்கோட்டப் பையன் கொரலு வருது, அண்ணே அண்ணே. ஹாஜியாரு கனைக்கிறாரு. எண்ணுற மிஷினு கூட வருது, டர்ர்ர்ர். எல்லாக் கொரலும் வரிசையில நிக்குது, சொந்தக் கொரல மட்டும் காணோம், எங்கயோ பொட்டியில வச்ச மாதிரி. அவன் சும்மா இருக்கிறத அந்தக் கடை பாத்ததே இல்ல. சதக்கு கைதட்ட எடுத்த கைய மடியில வச்சுக்கிட்டான்.

சின்னவரு அத சம்மதம்னு நெனச்சாரு. கிட்ட வந்து மீராசா தோள்ல கைய வச்சாரு. "யோசிக்காதீங்க காக்கா. பேப்பரு தேயும், கிழியும், எவனாச்சும் அடிச்சுட்டுப் போவான். இதுக்கு அந்தக் கேடு ஒண்ணும் கெடையாது. டாலர விட நல்ல காசு. எனக்கு இதுல ஒரு லாபமும் இல்ல, நல்லதா ஒண்ணு உங்களுக்குக் குடுக்கணும்னுதான்."

ரெண்டாம் கவுண்டருலேருந்து சத்தம் வந்துச்சு. மூணு பேரும் திரும்பிப் பாத்தாங்க. மைமூன் லாத்தா முக்காட்ட இழுத்து விட்டுக்கிட்டு, மடியில இருந்த நோட்டுக் கட்ட நேராத் தட்டி அடுக்கிக்கிட்டே, சின்னவரு மூஞ்சியக் கூடப் பாக்காம சொன்னாங்க:

"அவ்வளவு நல்ல காசுன்னா அத நீங்களே வச்சுக்கங்க தம்பி. கிழியிற காச அவருக்குக் குடுத்துருங்க."